இரத்தப் பைக்கும் வயசு உண்டு

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கோயில் மண்டபத்தில் இரத்த தான முகாம் நடந்தால், நம்மில் பலர் போய் வரிசையில் நிற்கிறோம். கொடுத்து முடிச்சதும் ஒரு கப் மைலோ குடிச்சிட்டு வீட்டுக்குக் கிளம்பிடுறோம். அதுக்கப்புறம் அந்தப் பைக்கு என்ன ஆகுது? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

இரத்த மையத்தில் அந்தப் பையை வேகமாகச் சுழற்றி சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிப்பார்கள். சிவப்பணுவோடு உப்பு, அடினைன், குளுக்கோஸ், மேனிடால் கலந்த கரைசலைச் சேர்த்து 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் வைத்தால், 42 நாள் வரை பயன்படுத்தலாம்.

ஆனால் குளிரில் இருந்தாலும் சிவப்பணுவுக்கு வயசாகத்தான் செய்யும். அதற்கு உட்கரு கிடையாது. தன்னைத்தானே பழுது பார்த்துக்க முடியாது. நாளாக ஆக அதன் சக்தி குறையும், பொட்டாசியம் வெளியே கசியும். தட்டு மாதிரி வளைந்து கொடுத்த அணு, முதலில் முள்முள்ளாகி, பிறகு பந்து மாதிரி விறைத்துப்போகும். சுமார் 8 மைக்ரான் அகலமுள்ள அணு, நம் மண்ணீரலில் ஏறக்குறைய 1 மைக்ரான் இடுக்கு வழியாக நுழைந்து வரணும். விறைத்த அணு அங்கேயே மாட்டிக்கும். உடம்பு அதை அழித்துவிடும்.

சரி, தரத்தை எப்படி அளக்கிறார்கள்? உடைந்த அணுக்கள் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். சேமிப்பு முடியும்போது ஐரோப்பாவில் 0.8, அமெரிக்காவில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பையில் மொத்த ஹீமோகுளோபின் லிட்டருக்கு 180 கிராம். பையில் 60 விழுக்காடு அணுக்கள், மீதி 40 விழுக்காடு திரவம். அந்தத் திரவத்தில் கசிந்த ஹீமோகுளோபின் லிட்டருக்கு 2.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 2.5-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 1. அதை 180-ஆல் வகுத்தால் சுமார் 0.56 விழுக்காடு. பை தேறிவிட்டது!

ஆனால் இந்தக் கணக்கு உடைந்த அணுவை மட்டும்தான் பிடிக்கும். உடையாமல் விறைத்துப்போனது இதில் தெரியாது. அதோடு, ஒரே நாளில் எடுத்த இரண்டு பேர் இரத்தம்கூட ஒரே மாதிரி மூப்படையாது. இங்கேதான் பொறியியல் வருது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், முடியைவிட மெல்லிய வழிகள் கொண்ட சின்னச் சில்லு ஒன்றில் அணுக்களை நெருக்கி அனுப்பி, எது எவ்வளவு வளைந்து கொடுக்குது என்று அளக்கிறார்கள்.

அப்படின்னா பழைய இரத்தம் ஆபத்தா? பயப்பட வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 2,400-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. சராசரி 6 நாள் இரத்தம் பெற்றவர்களுக்கும் 22 நாள் இரத்தம் பெற்றவர்களுக்கும் 90 நாள் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

நாம் கவலைப்பட வேண்டியது அந்த 42 நாள் கெடுவைப் பற்றித்தான். தைப்பூசத்தை ஒட்டிக் கொடுத்த சிவப்பணு சித்திரைப் புத்தாண்டு வரைக்கும் தாங்காது. தட்டணுவோ சுமார் 5 நாள்தான். கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கோ மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாகணும். பெருநாள் விடுமுறையில் எல்லாரும் ஊருக்குப் போனாலும் அந்தப் பிள்ளையின் தேதி தள்ளிப்போகாது.

அன்னதானத்துக்கு வருஷம் முழுக்க வேண்டிய சோற்றை ஒரே நாளில் யாரும் வடித்து வைப்பதில்லை. இரத்த தானமும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்துக் கிளைகள் எல்லாம் ஒரே மாதத்தில் முகாம் போடாமல், பேசி வைத்து மாதங்களைப் பிரித்துக்கொள்ளலாம். எந்த மாதம் கையிருப்பு குறையுது என்று ஜாலான் துன் ரசாக்கிலுள்ள புசாட் டாரா நெகாராவிடம் கேட்டுவிட்டுத் தேதி குறிக்கலாம். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாங்க.