சொல் கவிழ்ந்த கதை

மாணவர்களே, தமிழர் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் பல. அவற்றுள் ‘அப்செட்’ என்பதும் ஒன்று. எழுதுகோல் காணாமற் போயினும் அப்செட். தேர்வில் மதிப்பெண் குறையினும் அப்செட். தோழன் முகங்கொடுத்துப் பேசாவிடினும் அப்செட். உண்டது செரியாவிடின் வயிறும் அப்செட். இத்துணைச் சுமையைத் தனியே தாங்கும் அச்சொல் எவ்வாறு பிறந்தது, ஆங்கிலத்தார் அதனை எவ்வெப்பொருளில் ஆளுகின்றனர் என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

‘அப்’ என்பது மேல். ‘செட்’ என்பது வைத்தல் அல்லது நிறுத்துதல். ஆகவே இரண்டும் கூடிய சொல்லுக்குத் ‘தூக்கி நிறுத்துதல்’ என்பதே பொருளாதல் வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் அச்சொல் ஆங்கிலத்தில் தோன்றிய காலத்து அதற்கிருந்த பொருளும் அதுவே. இன்றோ, அவ்விரு சொற்களையும் முன்பின்னாக மாற்றிச் ‘செட் அப்’ என்றால்தான் நிறுவுதல் என்று பொருள்படும். ‘அப்செட்’ என்றால் கவிழ்த்தல் என்றாகும். உறுப்புகள் அவையே, அவை நின்ற வரிசை மாறப் பொருள் தலைகீழாயிற்று. கவிழ்த்தல் என்னும் பொருளுக்கு ஆங்கிலத்தார் முன்னர் வழங்கிய சொல் ‘ஓவர்செட்’ என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வண்டி குடைசாய்தலையும் படகு கவிழ்தலையும் ‘அப்செட்’ என்று சொல்லும் வழக்கம் எழுந்தது. பின்னர் அதுவே நிலைபெற, பழைய சொல் வழக்கொழிந்தது. நிற்கச் செய்வதைக் குறித்த சொல் வீழச் செய்வதைக் குறிக்க வந்ததே என்று வியத்தல் வேண்டா. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ என்னும் நம் சொல் இன்று எதனைக் குறிக்கின்றது என்பதை நீவிர் அறிவீர்.

பழம்பொருள் முற்றும் மறைந்துவிடவில்லை. நீதிமன்ற ஆணைப்படி ஒருவருடைய வீடோ நிலமோ ஏலத்திற்கு வருங்கால், ‘அப்செட் பிரைஸ்’ என ஒரு தொகை குறிக்கப்பெறும். ஸ்காத்துலாந்திலும் ஏலவிலையைக் குறிக்க இத்தொடர் நெடுங்காலமாக வழங்குகின்றது. ஏலம் கேட்போர் அத்தொகைக்குக் குறைத்துக் கேட்டல் இயலாது. அதிலிருந்து தொடங்கி மேலே செல்லுதல் வேண்டும். ஏலத்தின் அடியில் தூக்கி நிறுத்தப்பட்ட விலை என்பதே அத்தொடரின் பொருள். இதனை அறியாதார், கேட்டவுடன் மனத்தை வருத்தும் விலை என்று கொள்ளுதல் கூடும். சொத்தை இழப்பவர் நிலையில் நின்று நோக்கின் அதுவும் முழுப்பிழையென்று சொல்வதற்கில்லை!

கொல்லுப்பட்டறையிலும் இச்சொல் உண்டு. இருப்புக் கம்பியின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி, நீளவாட்டில் சம்மட்டியால் அடித்தால், அந்நுனி குறுகித் தடிக்கும். இதனையும் ஆங்கிலத்தார் அப்செட் செய்தல் என்பர். ஆணிகளுக்கும் ரிவெட்டுகளுக்கும் கொண்டை அமைவது இம்முறையால்தான்.

விளையாட்டுக் களத்தில், வெல்வான் என்று யாவரும் எண்ணியவன் தோற்றுவிடின் அதுவும் ‘அப்செட்’ எனப்படும். இதனைப் பற்றி ஒரு சுவையான கதை வழங்குகின்றது. அமெரிக்க நாட்டில் ‘மேன் ஓ வார்’ என்னும் பெயருடைய பந்தயக் குதிரை ஒன்றிருந்தது. அது தன் வாழ்நாளில் ஓடிய பந்தயங்கள் 21, வென்றவை 20. அது தோற்ற ஒரே பந்தயம் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள் சரடோகா என்னும் ஊரில் நடைபெற்றது. அன்று அதனை வென்ற குதிரையின் பெயர் ‘அப்செட்’! அக்குதிரையின் பெயரே எதிர்பாராத தோல்விக்கும் பெயராயிற்று எனப் பலரும் நம்பினர். ஆனால் 1877-ஆம் ஆண்டிலேயே நாளிதழில் இச்சொல் குதிரைப் பந்தயத்தைக் குறித்து இப்பொருளில் வந்துள்ளமையை ஆராய்ச்சியாளர் பின்னர்க் கண்டெடுத்தனர். ஆதலின் கதை பொய். பெயர்ப்பொருத்தம் மட்டும் மெய். சொற்பிறப்புக் கதைகளுள் மிக அழகாக இருப்பனவற்றைச் சற்று ஐயத்துடன் கேட்டல் நன்று.

இனி, மனத்தைக் குறிக்கும் வழக்கிற்கு வருவோம். வண்டியும் படகும் கவிழ்வதுபோல வயிறும் மனமும் நிலைகுலையும் என்று கருதி, அதே சொல்லை அவற்றிற்கும் ஆங்கிலத்தார் ஏற்றினர். நம் முன்னோர் இதே நிலையை வேறொரு காட்சியால் உணர்த்தினர். நீர் கலங்குகின்றது, வயிறு கலங்குகின்றது, மனமும் கலங்குகின்றது. ஆங்கிலத்தார் கண்டது கவிழ்ந்த கலம். தமிழர் கண்டது கலங்கிய குளம். கவிழ்ந்த கலத்தை ஒருவர் நிமிர்த்தல் வேண்டும். நிமிர்த்தினும் சிந்தியது மீளாது. கலங்கிய நீரோ, சிறிது பொழுது எவரும் கால் வையாதிருப்பின் தானே அடிமண் படிந்து தெளியும். கலக்கத்திற்கு மறுதலையாகத் ‘தெளிவு’ என்று நாம் சொல்லுவதும் அக்குளத்து நீரை உளங்கொண்டே.

இவ்விடத்து இலக்கணச் செய்தி ஒன்றையும் கருதுக. துன்பமுற்றவரைச் சொல்லும்பொழுது ‘அப்செட்’ என்றும், அத்துன்பத்தை விளைத்த செய்தியைச் சொல்லும்பொழுது ‘அப்செட்டிங்’ என்றும் ஆங்கிலத்தார் வேறுபடுத்துவர். இவ்வேறுபாட்டில் நம் மாணவர் பலர் இடறுகின்றனர். தமிழிலோ ஓர் எழுத்து மெலிந்தும் வலிந்தும் நின்று இவ்வேற்றுமையைக் காட்டிவிடும். கலங்குதல் தன்வினை, கலக்குதல் பிறவினை. தாய் கலங்கினாள், செய்தி அவளைக் கலக்கியது.

துன்பத்தின் அளவையும் நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் ‘அப்செட்’ பெருந்துயரைச் சொல்லப் போதாது. ஊரே வெள்ளத்தில் அழிந்த செய்தியை அவர்கள் ‘ஹாரோயிங்’ என்பர். உழுத நிலத்தில் கட்டி உடையுமாறு பற்கள் பதித்து இழுக்கும் கருவிக்கு ‘ஹாரோ’ என்று பெயர்; நெஞ்சை அப்பற்களால் கீறுவது போன்ற துயரம் என்பது அச்சொல்லின் உட்பொருள். எழுதுகோல் தொலைந்ததற்கு இச்சொல்லை எந்த ஆங்கிலேயரும் வழங்கார். தமிழில் கடன்வாங்கிய நாமோ, சிறிதிற்கும் பெரிதிற்கும் ‘அப்செட்’ ஒன்றையே வழங்குகின்றோம்.

இதனால் விளையும் இடர் சொல்லளவில் நிற்பதன்று. யான் ஆசிரியனாய் இருந்த காலத்து, வகுப்பில் இருநாளாகத் தலை கவிழ்ந்திருந்த மாணவி ஒருத்தியை என்னம்மா என்று வினவினேன். “அப்செட் ஐயா” என்றாள். அவ்விடையால் யான் அறிந்தது ஒன்றுமில்லை. உடல்நலம் இல்லையோ, வீட்டில் பூசலோ, பாடம் விளங்கவில்லையோ என்று ஒவ்வொன்றாகக் கேட்க, ஒவ்வொன்றிற்கும் தலையசைத்து மறுத்தாள். “நீ தமிழிலேயே சொல்லம்மா” என்றேன். நெடுநேரம் கழித்து, “அவமானமாக இருக்கிறது ஐயா” என்றாள். கட்டணம் செலுத்தாதவள் என்று எல்லார் முன்னிலையிலும் அவள் பெயர் படிக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு சொல் வந்த பின்னரே செய்யவேண்டியது இன்னதென எனக்கு விளங்கிற்று. மறுநாள் முதல் அப்பட்டியலை வகுப்பில் படிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நிலைக்களன் நான்கென வகுத்துள்ளார். பிறர் இகழ்தலால் வருவது இளிவு. உற்றாரையோ உடைமையையோ பறிகொடுப்பதால் வருவது இழவு. இல்லாமையால் வருவது வறுமை. அம்மாணவியின் கண்ணீருக்கு அடியில் வறுமையும் இருந்தது. ஆயினும் அன்று அவளை அழச் செய்தது இளிவே. எஞ்சிய ஒன்று அசைவு. முன்பு நன்றாயிருந்த நிலை கெட்டு, வேறுபட்டு நின்று வருந்துதல் என்று அதற்கு உரை கூறுவர். ‘அப்செட்’ என்னும் சொல்லைத் தமிழில் பெயர்க்க விரும்புவோர், வண்டியும் படகும் கவிழ்ந்த அதன் வரலாற்றோடு ‘அசைவு’ என்பதனை ஒப்பிட்டு நோக்குக.