புதுவீடு புகும் தாய்க்குச் சாமான் கொடுப்போர் அறிய வேண்டியவை

சங்கங்கள் செய்யும் நற்பணிகளில், ஒரு வீட்டிற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களைச் சேர்த்துக் கொடுப்பதும் ஒன்றாகும். வெள்ளம் புகுந்த வீடு, தீயில் எரிந்த வீடு, ஏழைப் பெண்ணின் திருமண வீடு என்று பல வீடுகளுக்கு நம்மவர்கள் கட்டிலும் பாத்திரமும் சுமந்து சென்றிருக்கிறார்கள். ஆனால், கணவனின் அடி உதைக்கும் வசைமொழிக்கும் தப்பி, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறிய ஒரு தாய் மீண்டும் குடித்தனம் தொடங்கும் வீடு மேற்சொன்னவற்றைப் போன்றதன்று. வேறுபாடு எங்கே இருக்கிறது, அதற்கேற்ப நம் உதவி எவ்விதம் மாற வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருள்.

அவர் வரும் வழி

கொடுமைக்கு ஆளான மாதர் ஒதுங்குவதற்கென்றே ஒரு வீடு 1971-ல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் திறக்கப்பட்டது. எரின் பிஸ்ஸி என்ற பெண்மணி தொடங்கிய அவ்வீடு பிற நாடுகளுக்கும் வழிகாட்டியாயிற்று. மலேசியாவில் பெண்கள் உதவி அமைப்பு 1982-ல் முதல் காப்பகத்தைத் திறந்தது. சிங்கப்பூரில் மாதர் அமைப்புகளின் மன்றம் 1999-ல் ஸ்டார் ஷெல்டர் என்னும் காப்பகத்தைத் தொடங்கியது. இன, மத வேறுபாடின்றி இடமளிக்கும் இடங்கள் இவை.

சட்டமும் துணை நிற்கிறது. மலேசியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல் நிறைவேறி 1996-ல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் 1961-ஆம் ஆண்டு மாதர் சாசனத்தில் உள்ள குடும்ப வன்முறைப் பகுதி முஸ்லிம்களுக்கும் பொருந்தும். அப்பகுதி 2023-ல் திருத்தப்பட்டு 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. உடலைத் துன்புறுத்துவது மட்டுமின்றி மனத்தைத் துன்புறுத்துவதும் வன்முறையே என்பது அதில் தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளது.

ஆனால் காப்பகம் என்பது சில காலம் தங்கும் இடமே. அங்கிருந்து வெளியேறும் தாய் ஒரு வாடகை வீட்டைத் தேடிப் பிடிக்கிறார். கதவைத் திறந்தால் உள்ளே நான்கு சுவர்கள்தாம். படுக்கப் பாயில்லை, சமைக்கச் சட்டியில்லை. கையிலுள்ள பணம் முன்பணத்திற்கும் முதல் மாத வாடகைக்கும் போய்விடுகிறது. வெறும் வீட்டில் பிள்ளைகள் தரையில் படுத்துப் பசியோடு அழும்போது, பட்ட அடி மறந்து, பழைய வீட்டிற்கே திரும்பிவிடலாமா என்ற எண்ணம் தலைதூக்குவது இயல்பல்லவா? ஆகவே ஒரு மெத்தையும் ஓர் அடுப்பும் சிறு பொருள்கள் என்று எண்ணலாகாது. அத்தாய் பின்னோக்கிப் போகாதபடி தாங்கி நிற்பவை அவையே.

வேறுபாடு எங்கே?

வெள்ளத்தில் வீடிழந்தவர் சாமான்களை இழந்தார். கொடுமைக்கு உள்ளானவரோ சாமான்களோடு, தம் வீட்டில் தாம் தீர்மானிக்கும் உரிமையையும் இழந்தவர். என்ன சமைப்பது, எத்தனை வெள்ளி செலவிடுவது, யாரை வீட்டிற்கு அழைப்பது, எப்போது விளக்கணைப்பது என்பதையெல்லாம் மற்றொருவரே ஆண்டுக்கணக்காகத் தீர்மானித்திருப்பார். ஒரு வாணலி வாங்கவும் அனுமதி கேட்டவர் அவர்.

இந்நிலையில் நாம் என்ன செய்கிறோம்? நல்லெண்ணத்தோடுதான் லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போகிறோம். கட்டிலை இங்கே போடு, அலமாரியை அங்கே வை என்று நாமே சொல்கிறோம். திரைச்சீலையின் நிறத்தையும் நாமே முடிவு செய்கிறோம். அச்சகோதரி ஓர் ஓரத்தில் நின்று பார்க்கிறார். வீடு நிரம்பிவிடுகிறது, ஆயினும் மறுபடியும் பிறர் தீர்மானித்த வீட்டில்தான் அவர் குடியிருக்கிறார்.

ஆகையால் இப்பாடத்தின் சாரம் இதுவே: சாமான் கொடுப்பதற்கு முன் தீர்மானிக்கும் உரிமையைக் கொடுக்க வேண்டும். வீட்டுச் சாவி முதலில் அவர் கையில் இருக்கட்டும். அவர் திறந்து, உள்ளே வாருங்கள் என்று அழைத்த பின்னரே நாம் படியேற வேண்டும்.

முதலில் கேளுங்கள்

மாதர் பகுதியிலிருந்து ஒருவரோ இருவரோ முன்னதாகச் சென்று அச்சகோதரியோடு அமர்ந்து பேசட்டும். நடந்த கொடுமையைப் பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம். அதைச் சொல்வதும் சொல்லாதிருப்பதும் அவர் விருப்பம். வீட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். கட்டில் வேண்டுமா, மெத்தையைத் தரையில் விரித்துக்கொள்வதே பழக்கமா? பிள்ளைகள் சேர்ந்து படுப்பார்களா? எந்த நிறம் பிடிக்கும்? எதைப் பார்க்கவே விருப்பமில்லை? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. ஒரு வகை நாற்காலியோ ஒரு தோல்வாரோ ஒரு வாசனையோ பழைய நாள்களைக் கண்முன் கொண்டுவரக்கூடும்.

மூன்று பிள்ளைகளோடு ஒரு தாய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் ஐவர் அமரும் பெரிய சோபாவைத் தயாராக வைத்திருக்கிறோம். அவர், "சோபா வேண்டாம், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு மேஜை இருந்தால் போதும்" என்கிறார். அப்போது, கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தெரியாதவர் என்று நாம் முகம் சுளிக்கலாகாது. வேண்டாம் என்று சொல்லி அதற்காக அடிபடாமல் இருப்பது அவருக்குப் புதிய அனுபவமாக இருக்கலாம். அந்த "வேண்டாம்" நம் உதவியின் முதற்பலன் என்று மகிழ வேண்டும்.

இடத்தின் அளவையும் மறக்கலாகாது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஓரறை, ஈரறை வாடகை வீடுகள் சுமார் 33 முதல் 45 சதுர மீட்டர் பரப்பே உள்ளவை. ஒற்றை மெத்தை 91 சென்டிமீட்டர் அகலமும் 190 சென்டிமீட்டர் நீளமும் இருக்கும். அளவு நாடா கொண்டு அளந்து, தாளில் வரைந்து பார்த்த பிறகே பெரிய சாமான்களைப் பற்றிப் பேச வேண்டும். நடக்க இடமில்லாமல் நிரப்பிய வீடு வரவேற்கும் வீடாகாது.

முதல் இரவுக்கு வேண்டியவை

எல்லாம் ஒரே நாளில் சேராது. முதல் இரவுக்கு வேண்டியவற்றைத் தனியே கட்டி அனுப்புவது நலம். ஆளுக்கொரு மெத்தை, தலையணை, புதிய போர்வை. சன்னல்களுக்குத் திரைச்சீலை, ஏனெனில் வெளியிலிருந்து பார்க்க முடிகிற அறையில் அஞ்சியவருக்கு உறக்கம் வராது. ஒரு சிறு இரவு விளக்கு. கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் கருவி. சோப்பு, துண்டு, பல்துலக்கி, வாளி, விளக்குமாறு. ஓர் அடுப்பு, ஒரு சோற்றுப் பானை, ஒரு வாணலி, ஒரு கரண்டி, கத்தி, தட்டும் குவளையும் ஆளுக்கொன்று. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, சீனி, தேயிலை. இவ்வளவு இருந்தால் மறுநாள் காலையில் அத்தாய் தம் கையால் தேநீர் ஆற்றித் தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்.

அமைதி தரும் ஏற்பாடுகள்

கதவு: புதிய பூட்டு, உள்தாழ்ப்பாள், வெளியே நிற்பவரைப் பார்க்கும் கண்ணாடித் துளை ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். படுக்கையறைக்கு வெளியிலிருந்து பூட்டும் தாழ்ப்பாள் இருந்தால், வீட்டுக்காரரிடம் சொல்லிக் கழற்றிவிடுவதே நல்லது. காற்றில் படீரென்று அறையும் கதவுக்கு ஒரு ரப்பர் முட்டு வையுங்கள். திடீர் ஓசைக்கு அப்பிள்ளைகள் நடுங்குவார்கள்.

அமரும் இடம்: அஞ்சிப் பழகியவர் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார விரும்பமாட்டார். வாசலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி போட வழியிருக்கட்டும். ஆனால் எங்கே போடுவது என்பதை அவரே சொல்லட்டும்.

பிள்ளைகள்: ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அது தனி அறையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு படுக்கை, ஒரு பெட்டி, சுவரில் ஒரு கொக்கி போதும். போர்வையின் நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பயத்தில் வாழ்ந்த பிள்ளைகள், வளர்ந்தவர்களாயினும், படுக்கையை நனைப்பதுண்டு. மெத்தைக்கு நீர் புகாத உறையும் மாற்று விரிப்புகளும் ஒன்றும் சொல்லாமல் சேர்த்து வையுங்கள். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆகாது. அடுக்குமாடி வீட்டில் சன்னலோரம் கட்டிலோ நாற்காலியோ போடலாகாது. உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைக்க வேண்டும். சுவரில் துளையிட அனுமதியில்லாத வாடகை வீடாயின் குட்டை அலமாரியே போதும்.

வழிபாடு: ஒரு குடும்பத்திற்குத் தொழுகைப் பாய் விரிக்கச் சுத்தமான ஒரு மூலை வேண்டும். மற்றொன்றிற்குச் சாமி படம் வைக்க ஒரு பலகை வேண்டும். வருகிறவரைக் கேட்டு அதன்படி செய்வதே முறை.

பழைய சாமான்கள்

பழையதைக் கொடுப்பது தவறன்று, பழுதானதைக் கொடுப்பதே தவறு. நம் மகளின் வீட்டிற்கு இதை அனுப்புவோமா என்று நம்மையே கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும். பழைய மெத்தையை மட்டும் ஏற்கவே கூடாது, மூட்டைப்பூச்சி கண்ணுக்குத் தெரியாமல் உடன் வந்துவிடும். துணிமணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து அனுப்புங்கள். மின்சாமான்களில் மலேசியாவில் சிரிம் முத்திரையும், சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து, கம்பி பிய்ந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அத்தாயின் பெயரில் எதையும் தவணைக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். புது வாழ்வு கடனோடு தொடங்க வேண்டாம்.

இரகசியம் காப்பது

இவ்விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை தேவை. தப்பி வந்தவரைத் தேடிக்கொண்டு ஒருவன் அலையலாம். நம் சமூகம் சிறியது. காலையில் ஒருவரிடம் சொன்னது மாலையில் தேநீர்க் கடைக்கு வந்துவிடும். வீட்டின் முகவரி கூட்டக் குறிப்பேட்டிலோ நன்கொடைப் பட்டியலிலோ இடம்பெறக் கூடாது. சாமான் கொண்டு செல்வோர் இருவர் மூவருக்கு மேல் வேண்டாம். சங்கப் பெயர் எழுதிய வண்டி வாசலில் நிற்கவும் வேண்டாம்.

மேடை போட்டு, சாமானைக் கையில் கொடுத்துப் படமெடுத்து மலரில் வெளியிடும் வழக்கம் நம் சங்கங்களில் உண்டு. இங்கே அதற்கு இடமே இல்லை. ஒரு படம் அவர் இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுக்கக்கூடும். காட்டிக் கொடுக்காவிட்டாலும் அவர் தலைகுனிய நேரும்.

இக்காலத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இருக்குமிடத்தை அறிவிக்கும் காசளவுக் கருவிகள் பை, பொம்மை, வாகனம் ஆகியவற்றில் மறைத்து வைக்கப்படுகின்றன. பழைய வீட்டிலிருந்து வந்த பொருள்களையும் பிள்ளைகளின் தொலைபேசிகளையும் சோதிக்க வேண்டும். ஏதேனும் அகப்பட்டால் உடனே உடைத்தெறியாமல் சமூகநல அதிகாரிக்கோ காவல் துறைக்கோ தெரிவிப்பதே நலம். அது சாட்சியாகவும் பயன்படலாம்.

பழைய வீட்டிலேயே தொடர்ந்து இருப்பவர்

சில வேளைகளில் கொடுமை செய்தவனையே வீட்டைவிட்டு விலக்கி வைக்க நீதிமன்றம் உத்தரவிடுவதுண்டு. இரு நாட்டுச் சட்டங்களிலும் அதற்கு வழியிருக்கிறது. அப்போது தாயும் பிள்ளைகளும் அதே வீட்டில் தொடர்ந்து வாழ்வார்கள். அங்கே சாமான் குறைவிராது, ஆனால் ஒவ்வொரு மூலையிலும் பழைய நினைவு இருக்கும். பூட்டை மாற்றுவது, கட்டிலை வேறு சுவரோரம் நகர்த்துவது, உடைந்த கதவைப் பழுது பார்ப்பது, சுவருக்கு அவர் விரும்பும் வண்ணம் பூசுவது ஆகியவையே அங்கே நாம் செய்யத்தக்க உதவி.

வெளியேறியவர் சீராகக் கொண்டு சென்ற சாமான்கள் பழைய வீட்டில் இருக்கலாம். அவற்றை மீட்டு வருகிறோம் என்று சங்கத்து இளைஞர்கள் கிளம்பக் கூடாது. மலேசியச் சட்டத்தின்படி, அமலாக்க அதிகாரி துணைவர உடைமைகளை எடுத்துவரப் பாதுகாப்பு உத்தரவில் இடமுண்டு. அவ்வழியே நாடட்டும்.

முடிவாக

சாமான் வைத்துவிட்டுத் திரும்பும்போது நன்றியுரையை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். மறுபடி வருவதாயின் கேட்டுவிட்டு வருவோம். கதவைத் தட்டி, அவர் திறக்கும் வரை காத்திருப்போம். சில மாதங்கள் கழித்து அவர் நாம் கொடுத்த மேஜையை இடம் மாற்றியிருந்தால், அல்லது வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தால், மனம் வருந்தற்க. தம் வீட்டைத் தாமே ஆளத் தொடங்கிவிட்டார் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேறில்லை.

உதவி தேடுவோர் மலேசியாவில் 15999 என்ற தாலியான் காசே எண்ணையும், சிங்கப்பூரில் 1800-777-0000 என்ற எண்ணையும் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

கூட்டங்களில் கலந்து பேசச் சில கேள்விகள்:

1. நம் கிளையில் முன்னதாகச் சென்று பேசத்தக்க, வாய்காக்கத் தெரிந்த மாதர் இருவர் யார்?

2. முதல் இரவுக்குரிய மூட்டை ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருக்க எவ்வளவு செலவாகும்? எங்கே வைப்பது?

3. நன்கொடையாளர் பெறுபவரின் பெயரையும் முகவரியையும் கேட்டால், மனம் நோகாமல் எவ்வாறு மறுப்பது?

4. நாம் கொடுக்கும் பொருளை அவர் வேண்டாம் என்றால், அதை எங்கே பயன்படுத்துவது?