‘நல்லா இருக்கேம்மா’வை நம்பலாமா?

நம்பிக்கை: “வெளிநாட்டுக்குப் படிக்கப் போனா வீட்டு நினைப்பெல்லாம் செல்லமா வளர்ந்த பிள்ளைங்களுக்குத்தான். படிப்புல கெட்டிக்காரனுக்கு ஒண்ணும் ஆகாது.”

கெட்டிக்காரர் என்றால் கணிதமேதை ராமானுஜனை விடவா? 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறிய அவர், கேம்பிரிட்ஜில் தன் அறையிலேயே சைவச் சாப்பாடு சமைத்துக்கொண்டார். சில மாதங்களில் உலகப்போர் மூண்டது. ஊரில் தாய் கோமளத்தம்மாளுக்கும் மனைவி ஜானகிக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகியின் கடிதங்கள் அவர் கைக்குச் சேராமல் மாமியார் தடுத்தார் என்கின்றன வாழ்க்கை வரலாறுகள். ஒருமுறை தன் அறையில் விருந்துண்ட நண்பர்கள், ‘இன்னும் கொஞ்சம்’ என்று அவர் பரிமாற வந்தபோது வேண்டாமென்றதற்கே, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப்போய்ச் சில நாள் கழித்துத்தான் திரும்பினார். 1918இல் உயிரை விடவே துணிந்து, தப்பினார். ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்ததும் அதே ஆண்டில்தான். மூளையின் கூர்மை மனதுக்குக் காவல் நிற்காது.

நம்பிக்கை: “முதல் மூணு மாசம் ஜாலியா போகும். அப்புறம்தான் கஷ்டம்.”

அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களை வைத்து லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் 1955இல் எழுதிய ஆய்விலிருந்து பரவிய ‘முதலில் ஜாலி, பிறகு கஷ்டம்’ என்ற கணக்கு இது. நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்த 1998ஆம் ஆண்டு ஆய்வு வேறுமாதிரிச் சொன்னது: வந்திறங்கிய வேளையில்தான் மனச்சோர்வு அதிகம். ஆகவே முதல் வாரமே அழுகிற பிள்ளையிடம் “அதுக்குள்ளயா?” என்று கேட்காதீர்கள்.

நம்பிக்கை: “லோன் எங்க தலைவலி. அவன் படிச்சா போதும்.”

இதைச் சொல்லும் அப்பா மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் கடன் பத்திரத்தில் அப்பா, பிள்ளை இருவர் கையெழுத்தும் இருக்கிறது. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருப்பது பிள்ளைக்குத் தெரியும். தவணை தொடங்கப் பொதுவாகப் படிப்பு முடியும்வரையாவது அவகாசம் உண்டு. வட்டி மட்டும் பணம் கைமாறிய நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். ‘பார்ட் டைம் பாத்து அடைச்சிடலாம்’ என்பதும் நடக்காது: அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாக்காரர் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அது கைச்செலவுக்குச் சரியாகப் போகும். இந்த நிலையில் ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்தால், ‘அப்பாவின் வீட்டை வைத்து விளையாடுகிறேன்’ என்றுதான் தோன்றும். ஊரில் விளையாட்டாகக் கேட்கும் “எப்பப்பா சம்பாதிக்கப் போற?” அங்கே விளையாட்டாகக் கேட்காது.

நம்பிக்கை: “தினம் வீடியோ கால் பேசுறோமே, எங்களுக்குத் தெரியாதா?”

சென்னையில் இரவு ஒன்பது மணி, கோடையில் நியூயார்க்கில் காலை பதினொன்றரை. இரண்டு வகுப்புக்கு நடுவே முகம் கழுவிக்கொண்டு வந்து பத்து நிமிடம் சிரிப்பது பெரிய கஷ்டமில்லை. “சாப்டியா?” என்று கேட்டால் “சாப்டேம்மா” என்றுதான் வரும். “இந்த வாரம் யார்கூட வெளியே போனே?” என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரத் தாமதமானால் கவனியுங்கள்.

மறைப்பது ஒருபக்கம் மட்டுமா? பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததை, அப்பாவின் ஆபரேஷனை, ‘பரீட்சை நேரம், சொல்ல வேண்டாம்’ என்று வீடும் மறைக்கிறது. அன்பினால்தான். பின்னால் சித்தப்பா பையனின் ஸ்டேட்டஸைப் பார்த்து அது தெரியவரும்போது, “எல்லாரும் நல்லா இருக்கோம்” என்ற வார்த்தையின் மதிப்பு அன்றோடு போய்விடும். அதன்பிறகு நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தாலே பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கும். என்னைக் கேட்டால், கெட்ட செய்தியை அன்றன்றைக்கே சொல்லிவிடும் வீட்டுப் பிள்ளைதான் தன் கெட்ட செய்தியையும் தயங்காமல் சொல்லும்.

நம்பிக்கை: “கவுன்சிலிங் போனா விசா போயிடும்.”

போகாது. ஆலோசகரிடம் பேசியது, உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, வெளியே போகாது; பெற்றோருக்கும் கூடத்தான். மனநலம் உட்பட மருத்துவக் காரணங்களுக்காகப் பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ள எஃப்-1 விதிகளே இடம் தருகின்றன. ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை. மருத்துவரின் அல்லது உரிமம் பெற்ற உளவியலாளரின் பரிந்துரையைப் பல்கலைக்கழகத்தின் டிஎஸ்ஓ, அதாவது வெளிநாட்டு மாணவர் அலுவலர், ஏற்று அனுமதி தரவேண்டும். விசாவுக்கு வினை வருவது வரிசை மாறினால்தான்: முதலில் டிஎஸ்ஓவின் அனுமதி, பிறகே பாடத்தைக் கைவிடுவது.