எய்ட்ஸ் நோயாளியைப் பராமரிக்கப் பணம் தருவது யார்?

நம் ஊரில் 'நர்ஸிங் ஹோம்' என்றால் பிரசவத்துக்கும் அப்பெண்டிஸ் ஆபரேஷனுக்கும் போகிற சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அதே பெயருக்கு அர்த்தமே வேறு. ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டிய வைத்தியம் முடிந்துவிட்டது. ஆனால் குளிக்க, சாப்பிட, எழுந்து நடக்க ஒருவர் துணை வேண்டும், வேளாவேளைக்கு மருந்து கொடுக்க நர்ஸ் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தங்கும் பராமரிப்பு இல்லம் அது.

அந்த ஊரில் எய்ட்ஸ் பரவியபோது இந்த இல்லங்களைச் சுற்றி ஒரு பெரிய கேள்வி எழுந்தது. மருந்துக்குப் பணம் சரி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதற்கு யார் பணம் தருவது? எந்த நீண்ட நோய்க்கும் பொருந்துகிற கேள்வி இது. அதனால்தான் நீங்களும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கதவு ஏன் சாத்தப்பட்டது?

எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை 1981 ஜூனில் வந்தது. 1983-ல் சான்பிரான்ஸிஸ்கோ பொது ஆஸ்பத்திரியில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே தனி வார்டு திறந்தார்கள். நோய் தாக்கியது பெரும்பாலும் இளம் வயதினரை. உடம்பு முடியாமல் வேலை போனது. வேலையோடு சேர்ந்து இன்ஷூரன்ஸும் போனது. பலரை வீட்டிலும் சேர்க்கவில்லை.

பராமரிப்பு இல்லங்களோ 'இடமில்லை' என்றன. ஒரு காரணம் பயம். ஆனால் குளிப்பாட்டுவதாலோ, சோறு ஊட்டுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ ஹெச்.ஐ.வி. தொற்றாது. இன்னொரு காரணம் பணம். ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கும் தொகை, சாதாரண முதியவரை மனதில் வைத்துக் கணக்கிட்டது. எய்ட்ஸ் நோயாளிக்கோ அதிக நர்ஸுகள் வேண்டும், விலை உயர்ந்த மருந்து வேண்டும். கட்டுப்படியாகாது என்று கதவைச் சாத்தினார்கள். விளைவு? போக்கிடமில்லாமல் பலர், அதைவிடச் செலவு அதிகமான ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே கிடந்தார்கள்.

இரண்டு திட்டங்கள், இரண்டு சிக்கல்கள்

அமெரிக்க அரசின் இரண்டு பெரிய மருத்துவத் திட்டங்களும் 1965-ல் வந்தவை. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழம்பிவிடாதீர்கள்.

மெடிகேர்: 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், வேலை செய்ய முடியாதபடி ஊனமுற்றவர்களுக்கும் உரியது. வயது குறைந்தவர் என்றால், ஊனமுற்றோர் உதவித்தொகை தொடங்க 5 மாதம், அதன்பின் மெடிகேர் கிடைக்க 24 மாதம், ஆக மொத்தம் 29 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. எண்பதுகளில் எய்ட்ஸ் என்று தெரிந்தபின் பலர் அவ்வளவு நாள் உயிரோடு இருக்கவில்லை. காத்திருந்து கிடைத்தாலும், ஆஸ்பத்திரியில் தங்கி வந்தபின் பராமரிப்பு இல்லத்தில் அதிகபட்சம் 100 நாள்தான். அதுவும் 21-ம் நாளிலிருந்து நோயாளியும் பங்கு கட்டணும். வெறும் துணைக்கு ஆள் வேண்டும் என்றால் மெடிகேர் பணம் தராது.

மெடிகெய்டு: ஏழைகளுக்கானது. மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. இத்தனை நாள்தான் என்ற கணக்கு இல்லாமல் பராமரிப்பு இல்லத்துக்குப் பணம் தருவது இதுதான். அப்பாடா என்கிறீர்களா? அவசரப்படாதீங்க. இதைப் பெறுவதற்கு முதலில் ஏழையாக வேண்டும்! பல மாநிலங்களில் தனி ஆளின் சேமிப்பு 2,000 டாலருக்கு மேல் இருக்கக்கூடாது. மாத வருமானத்திலும் கைச்செலவுக்கு ஒரு சின்னத் தொகை போக மற்றது இல்லத்துக்கே. கணவன் அல்லது மனைவி நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக 1988-ல் தனியாக ஒரு பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது.

மூன்றாவது கை

ரயன் ஒயிட் என்ற சிறுவனுக்கு ரத்தம் உறையாத நோய். அதற்கு எடுத்துக்கொண்ட மருந்தின் மூலம் ஹெச்.ஐ.வி. தொற்றியது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தபோது அவனும் குடும்பமும் போராடியதை நாடே பார்த்தது. 1990 ஏப்ரலில் 18 வயதில் அவன் இறந்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. வேறு யாரும் பணம் தராத இடத்தில் கடைசியாகக் கைகொடுப்பது இந்தத் திட்டம். டாக்டர், மருந்து, வீட்டுக்கு வந்து கவனிக்கும் சேவை ஆகியவற்றுக்கு உதவுகிறது. வருஷக்கணக்கில் பராமரிப்பு இல்லத்தில் தங்கும் பெருஞ்செலவு மட்டும் இன்றும் பெரும்பாலும் மெடிகெய்டு தலையில்தான்.

ஓர் இல்லத்தின் கதை

நியூயார்க் மாநிலம் ஒரு வழி கண்டது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று நடத்தும் இல்லங்களுக்கு மெடிகெய்டில் கூடுதல் கட்டணம் கொடுத்தது. சாத்திய கதவு திறந்தது. பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று ரிவிங்டன் ஹவுஸ் என்ற பெயரில் 219 படுக்கைகளோடு 1995-ல் எய்ட்ஸ் இல்லமாயிற்று.

அடுத்த ஆண்டே கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியது. சாவுகள் மளமளவென்று குறைந்தன. 1995-ல் சுமார் 50,000 பேர் இறந்த நாட்டில் 1997-ல் அதில் பாதி கூட இல்லை. தேவை குறையக் குறைய, 2014-ல் அந்த இல்லம் மூடப்பட்டது. லாப நோக்கமில்லாத மருத்துவப் பணிக்கு மட்டுமே என்று பத்திரத்தில் இருந்த நிபந்தனையை 2015-ல் நகராட்சி நீக்கியது. 2016-ல் கட்டடம் சொகுசுக் குடியிருப்பு கட்டுபவர்கள் கைக்குப் போக, பெரிய சர்ச்சை வெடித்தது.

தேவை அத்தோடு தீர்ந்ததா என்றால், இல்லை. அமெரிக்காவில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இப்போது 50 வயதைத் தாண்டியவர்கள். மருந்து அவர்களைக் காப்பாற்றிவிட்டது. இனி முதுமை வருகிறது. ஹெச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி இடம் மறுப்பது அங்கே சட்டம் தடைசெய்த பாகுபாடு. அப்படி மறுத்த இல்லங்கள் மீது அரசு நடவடிக்கை எடுத்திருக்கிறது.

நமக்கு என்ன?

வைத்தியச் செலவு வேறு, பராமரிப்புச் செலவு வேறு. நம் மருத்துவ இன்ஷூரன்ஸ் பாலிசிகளும் பொதுவாக ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். நீண்ட நாள் பராமரிப்புக்கு அல்ல. வீட்டில் பாலிசி இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள்: டிஸ்சார்ஜுக்குப் பிறகு எத்தனை நாள்? வீட்டுக்கு நர்ஸ் வந்தால் பணம் உண்டா? படுத்த படுக்கையாகிவிட்டால்? நோய் வந்த பிறகு கேட்பதைவிட இப்போதே கேட்டு வைப்பது மேல். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி கொடுக்கும் கைக்கும் ஒரு விலை இருக்கிறது. அதை யாரும் கட்டாவிட்டால் வீட்டில் ஒருத்தர், பெரும்பாலும் ஒரு பெண், தன் வேலையையும் உடம்பையும் கொடுத்துக் கட்டுகிறார்.