கொடுத்தும் குறையாத சரக்கு

விற்ற சரக்கு கடையை விட்டுப் போய்விடும். இது வணிகர்களாகிய நாம் நன்கறிந்த கணக்கு. ஆனால் கொடுக்கக் கொடுக்கக் குறையாமல், கொடுத்தவரையே தேடி லாபத்துடன் திரும்பும் சரக்கு ஒன்று உண்டு. அதுதான் பழைய ஏடும் எழுத்தும்.

உமறுப் புலவரின் சீறாப்புராணம் நெடுங்காலம் கையெழுத்துப் பிரதிகளாகவே முடங்கிக் கிடந்தது. செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் பிரதிகளைத் தேடி எடுத்து 1842-இல் அச்சேற்றினார்கள். அதனால் பலர் கைக்கும் அது எட்டிற்று.

நிற்க. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த இரசாயன அறிஞர் டாக்டர் கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பல நாட்டுத் தமிழர் கூலியின்றித் தட்டெழுதிய நூல்கள் விலையின்றி இணையத்தில் வைக்கப்பட்டன. சீறாப்புராணமும் அவற்றுள் ஒன்று. திரும்பி வந்தது யாது? படிக்க வந்தவருள் சிலர் பிழை திருத்தவும், தட்டெழுதித் தரவும் முன்வந்தனர். இன்று ஒரு சொல்லைத் தேடினால் அது வரும் பாடல் நொடியில் கிடைக்கிறது. கண்பார்வையற்றவருக்கு இயந்திரம் வாசித்துக் காட்டுகிறது.

பெருங்காப்பியத்துக்குத்தான் இந்த மதிப்பு என்று எண்ண வேண்டா. சிங்கப்பூரில் 1887 முதல் 1890 வரை மகுதூம் சாயபு அவர்கள் நடத்திய வாரப் பத்திரிகை ‘சிங்கை நேசன்’. வாரம் கழிந்தால் அது பழந்தாள். இன்றோ சிங்கப்பூர்த் தேசிய நூலகம் அதை இலவசமாக இணையத்தில் வைத்திருப்பதால், கிள்ளானில் கடைக்குள் இருந்தபடியே நம் முன்னோர் காலத்துச் செய்தியை நாம் படிக்கலாம்.

இனி நம் கடைகளைப் பார்ப்போம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும், பிரிக்ஃபீல்ட்ஸிலும், கிள்ளானிலும் கடை மாற்றும்போது பழைய பேரேடு, விலைப்பட்டியல், கந்தூரி நோட்டீஸ், ஊர்க் கடிதம் எல்லாம் குப்பைக்குப் போகின்றன. “இதை யார் பார்க்கப் போகிறார்?” என்கிறோம். சரக்கின் அருமையை வைத்திருப்பவர் அறியார், தேடுபவரே அறிவார். நமக்குப் பழைய விலைப்பட்டியல். ஆராய்வோருக்கு அது அக்கால அரிசி விலை. நமக்குப் பழைய கடிதம். எங்கோ ஒரு பேரனுக்கு அது பாட்டனார் பெயர். அவன் பதில் எழுதினால், நம் பாட்டனார் கடையின் கதையும் நமக்குத் தெரியவரலாம்.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, எறியுமுன் தாள்தாளாகத் தெளிவாகப் படமெடுத்து, மூலத்தைக் கறையான் அணுகாமல் காத்தல். இரண்டாவது, ஆண்டு, ஊர், கடைப்பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்தல். குறிப்பில்லாத படம் முகவரியில்லாத மூட்டை. மூன்றாவது, பிறர் கடன் விவரம் நம்மிடம் உள்ள அமானிதம். அதை மறைத்துவிட்டே மற்றதை வெளியிடுதல்.

பெட்டியில் பூட்டியது கறையானுக்கு, பகிர்ந்தளித்தது சந்ததிக்கு. இந்த வியாபாரத்தில் நமக்கு நட்டமில்லை.