விண்ணப்பத்தில் கல்வித் தகுதி எழுதும் முறை

சங்கங்களைப் பார்வையிடச் சின்னாளப்பட்டிக்கும் திண்டுக்கல் சுற்றுக் கிராமங்களுக்கும் செல்லுங்கால், அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் ஒரே விண்ணப்பத்தைப் படியெடுத்து எல்லா இடங்களுக்கும் அனுப்புவதைக் காண்கிறோம். படித்த படிப்பு ஒன்றே. கேட்போரின் தேவையோ வேறு வேறு.

கூட்டுறவுச் சங்கப் பணிக்குப் பட்டத்தையும் கூட்டுறவுப் பயிற்சியையும் அடுத்தடுத்து எழுதுக. நூற்பாலைக்கு ஜவுளித் தொழில்நுட்பப் பட்டயமும் இயந்திரப் பயிற்சியும் முன்னிற்க வேண்டும். மாநில அரசுப் பணிக்குப் பயிற்று மொழியைக் குறிக்க மறவாதீர். தமிழ்வழி பயின்றோருக்கு நேரடி நியமனத்தில் 20 சதவீத இடங்களை 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்குகிறது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பள்ளி முதல் விதித்த தகுதி வரை தமிழ்வழியே பயின்றிருத்தல் வேண்டும். அதற்குரிய சான்றிதழ்களை இப்பொழுதே பெற்று வைத்திடுக.

வரிசையை மாற்றலாம், உண்மையை மாற்றலாகாது. தேறாத தேர்வைத் தேறியதாக எழுதினால், கிடைத்த வேலையும் நிலைக்காது.