கிட் அமைப்புக் கோப்பு: ஒரு பிழை கற்பித்த பாடம்

ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தோர் சுவடியின் இறுதியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து வைப்பதுண்டு. உழைத்தவர் யார் என்பதை அச்சிறு குறிப்பே பிற்காலத்தார்க்கு உணர்த்தும். கணினியில் இப்பணியைச் செய்யும் கருவிகளுள் ஒன்று ‘கிட்’. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலைப் பேணுவதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். நாம் பதியும் ஒவ்வொரு மாற்றத்தையும் பெயர், மின்னஞ்சல், நேரம் ஆகியவற்றோடு இது காத்து வைக்கிறது. அப்பெயரை இக்கருவி எங்கிருந்து பெறுகிறது? அதனை அறியாமல் நான் செய்த பிழையே இக்கட்டுரைக்குக் காரணம்.

நானும் என் நண்பனும் அவிநாசி வட்டாரப் பேச்சு வழக்குகளைத் தொகுத்தோம். அப்புச்சி, ஒரம்பரை போன்ற சொற்களைப் பெரியோர்களிடம் கேட்டு, கிட் வழியாகப் பதிந்து வந்தோம். ஆய்வகக் கணினியில் அனைவர்க்கும் ஒரே பயனர் கணக்கு. முதல் நாளே ‘கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம்’ என்ற கட்டளையால் என் பெயரையும், அவ்வாறே என் மின்னஞ்சலையும் அமைத்துவிட்டேன். நண்பன் தன் கோப்புறையில் தனியாகத்தான் உழைத்தான். பருவ இறுதியில் பேராசிரியர் பதிவேட்டைத் திறந்தபோது அத்தனையும் என் பெயரில் இருந்தன! “ஏப்பா, நான் சேத்தது ஒண்ணு கூடக் காணமே?” என்றான் நண்பன். நான் தலைகுனிந்தேன்.

காரணம் இதுதான். கிட் அமைப்புகள் முக்கியமாக மூன்று நிலைகளில் உள்ளன. கணினி முழுமைக்கும் உரியது ‘சிஸ்டம்’. ஒரு பயனர் கணக்கிற்கு உரியது ‘குளோபல்’. ஒரு திட்டத்தின் கோப்புறைக்கு மட்டும் உரியது ‘லோக்கல்’. மூன்றும் எளிய உரைக்கோப்புகளே. சதுர அடைப்புக்குள் பகுதியின் பெயர், அதன்கீழ் வரிக்கு ஒன்றாக அமைப்பின் பெயர், சமக்குறி, மதிப்பு என அமையும். அரசாங்கத்தில் மேலிடத்து ஆணையே வெல்லும். இங்கோ அண்மையில் இருப்பதே வெல்லும். நண்பனின் கோப்புறையில் லோக்கல் பெயர் இல்லாமையால் குளோபலில் இருந்த என் பெயர் ஏறிக்கொண்டது.

அமைப்பைப் பின்னர் மாற்றினாலும் பழைய பதிவுகளில் உள்ள பெயர் மாறாது. வரலாற்றையே திருத்தி எழுதினால் பதிவுகளின் அடையாள எண்கள் எல்லாம் மாறிவிடும். ஆதலால் எவை நண்பனின் பதிவுகள் என்று பட்டியலிட்டுத் தனிக்கோப்பாகச் சேர்த்தேன். பேராசிரியரிடமும் உண்மையைக் கூறினேன். குளோபலில் இருந்த என் பெயரையும் மின்னஞ்சலையும் நீக்கி, ‘யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி’ என்பதை ‘ட்ரூ’ என வைத்தோம். இனி அடையாளம் அமைக்காத கோப்புறையில் கிட் தானாக ஒன்றை ஊகிக்காது, பதிய மறுத்துவிடும். எந்த மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்றறிய ‘கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோஆரிஜின்’ உதவும். ஷோ, ஆரிஜின் இரண்டிற்கும் இடையில் ஒரு சிறு கோடு இட வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு மேலும் ஒன்று. ‘அவிநாசி’ என்று கோப்புக்குப் பெயரிட்டால், கிட் அதனை 340, 256, 205 என்று தொடங்கும் எண்களாகக் காட்டும். நான்கு எழுத்துகளாலான அவ்வூர்ப் பெயர் யூனிகோடில் 7 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் 21 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டையும் எண்மான எண்ணாகக் காட்டுவது கிட்டின் இயல்பு அமைப்பு. ‘கோர்.க்வோட்பாத்’ என்பதை ‘ஃபால்ஸ்’ என மாற்றினால் தமிழ் தமிழாகவே தெரியும்.

நாம் யார், நம் எழுத்து எது என்பதை நாம் சொன்னாலன்றிக் கருவி அறியாது. ஆகவே மாணவ நண்பர்களே, முதல் பதிவுக்கு முன் ‘கிட் கான்ஃபிக் யூசர்.நேம்’ என்று மட்டும் தட்டிப் பாருங்கள். திரையில் தோன்றுவது உங்கள் பெயர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறர் உழைப்பு நம் பெயரில் ஏறாமல் காப்பதும் கல்வியின் பகுதியே அன்றோ!